துணிதானுங்களே, என்னுங் கனம்?

திருப்பூரில் மாடி வாடகைக்குப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் வசனம் இது. வீட்டுக்காரர் லேசாகத் தயங்குவார். "மேல லோடு ஜாஸ்தி ஏறுமுங்களா?" என்பார். வாடகைக்கு வருபவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "அட, துணிதானுங்களே... என்னுங் கனம் இருந்துறப் போகுது?"

நியாயமாகத்தான் தோன்றும். இரும்பு பட்டறை வைக்கப் போவதில்லை, நெல் மூட்டை அடுக்கப் போவதில்லை. பனியன் துணி! கையில் எடுத்தால் காற்றில் ஆடுகிற பொருள். அட்வான்ஸ் கைமாறும். அடுத்த வாரம் மேலே நாலு ஓவர்லாக், ரெண்டு பேட்லாக், ஒரு கட்டிங் டேபிள் ஏறிவிடும்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகிற ஊர் இது. அதில் பெரிய கம்பெனிகளின் பங்கு எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் எத்தனை வீட்டு மாடிகளில் இருக்கின்றன என்பது அந்தத் தெருக்களில் நடந்தால்தான் தெரியும். கீழே சமையல் நடக்கும், மேலே மெஷின் ஓடும். ஷிப்மெண்ட் நெருங்கினால் ராத்திரியும் ஓடும்.

இவ்வளவுக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். ஷிப்ட் கணக்கு கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது. கீழ் வீட்டு ஹாலில் படுத்து அண்ணாந்து பார்த்தால் சீலிங்குக்குக் கீழே துருத்திக்கொண்டு தெரிவாரே, அந்த பீம்தான்!

சிவில் படிக்கிற பசங்களுக்கு பீம் என்றதும் ஒரு சூத்திரம் ஞாபகம் வரும். இரு முனையும் தாங்கப்பட்ட பீம், நீளம் முழுக்கச் சீரான பாரம் என்றால் நடுவில் வளைப்புத் திருப்பம் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு. அம்பு போட்டுப் படம் வரைந்து, விடையைக் கட்டம் கட்டினால் மார்க். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம். ஆனால் அந்தச் சூத்திரம் மறந்தவர்களின் தலைக்கு மேலேயே இருக்கிறது.

முதலில் பீம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கலாம். ஒரு ரப்பர் அழிப்பானை எடுத்து, பக்கவாட்டில் பேனாவால் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து நடு கீழே இறங்குகிற மாதிரி வளையுங்கள். மேல் பக்கம் கோடுகள் நெருங்கும், கீழ்ப் பக்கம் விலகும். அதாவது மேல்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. நடுவில் ஒரு மட்டத்தில் நசுங்கலும் இல்லை, இழுபடலும் இல்லை. பீமின் கதை அவ்வளவுதான்.

கான்கிரீட் நசுங்கலுக்கு நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது கஷ்டம். அதனால்தான் இழுபடுகிற கீழ்ப்பக்கத்தில் கம்பி வைக்கிறார்கள். கல்லுக்கும் இதே பலவீனம் உண்டு, கல்லுக்குள் கம்பி வைக்க முடியாது. கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூண் தலையில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் போதிகை அழகுக்கு மட்டுமல்ல, மேலே கிடக்கும் கல் உத்தரத்தின் இடைவெளியை அது குறைத்துக் கொடுக்கிறது. சூத்திரம் எழுதி வைக்காத சிற்பிகளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம்? சூத்திரத்தில் நீளம் வர்க்கத்தில் வருகிறது. மீட்டருக்கு மீட்டர் அதே பாரம் இருக்க, நீளம் இரண்டு மடங்கானால் வளைப்பு நான்கு மடங்காகும். பத்தடி ரூமை இருபதடி ஹாலாக்க நடுச்சுவரை இடிக்கிறார்களே, அங்கே நடப்பது இதுதான். அந்தச் சுவர் பாரம் தாங்கும் சுவராக இருந்திருந்தால், மேலே இருப்பதன் நீளம் ஒரே நாளில் இரண்டு மடங்காகிறது.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். 5 மீட்டர் பீமில் ஒரு டன்னைப் பரவலாக வைத்தால் நடுவில் வளைப்பு 0.625 டன்-மீட்டர். அதே ஒரு டன்னை நட்ட நடுவில் குவித்தால் 1.25, சரியாக இரண்டு மடங்கு. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 0.8. அந்த மூன்று இடத்திலும் எடை மேடை ஒரே எண்ணைத்தான் காட்டும். பீமுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

சரி, இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கணக்குக்காக வைத்துக்கொண்ட வீடுதான், ஆனால் அளவுகள் எல்லாம் சாதாரணமாக எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடியவை.

பீம் நீளம் 5 மீட்டர். அகலம் 23 செ.மீ., ஆழம் 45 செ.மீ. மேஸ்திரி பாஷையில் ஒன்பதுக்குப் பதினெட்டு. ஒவ்வொரு பீமும் 3 மீட்டர் அகலத் தளத்தைச் சுமக்கிறது. கான்கிரீட் எம்20. கீழே 415 ரகத்தில் 16 மி.மீ. கம்பி நான்கு.

தளம் 12 செ.மீ. கனம் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. டைல்ஸ், கலவை, பூச்சு எல்லாம் சேர்த்து 100 கிலோ. இது வீட்டின் சொந்த எடை, யாரும் குடிவராமலேயே இருப்பது. குடிவந்த பிறகு ஆட்கள், கட்டில், பீரோ என்று ஏறும் பாரத்துக்கு ஐ.எஸ். 875 பகுதி 2 (1987) வீடுகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் என்கிறது. ஏறத்தாழ 200 கிலோ. ஆக மொத்தம் 600.

3 மீட்டர் அகலத்துக்கு, பீமின் ஒரு மீட்டர் நீளத்தில் 1800 கிலோ. பீமின் சொந்த எடை சுமார் 200. ஆக மீட்டருக்கு 2 டன், 5 மீட்டருக்கு 10 டன். வளைப்புத் திருப்பம் 10 × 5 ÷ 8 = 6.25 டன்-மீட்டர்.

ஐ.எஸ். 456 இதை ஒன்றரையால் பெருக்கச் சொல்கிறது. 9.4 டன்-மீட்டர் வருகிறது. மேலே சொன்ன நான்கு கம்பி பீமின் தாங்குதிறன், அதே விதிப்படி, சுமார் 9.8. ஆகவே பாஸ். இன்ஜினியர் கையெழுத்துப் போடலாம், கிரகப்பிரவேசம் வைக்கலாம்.

இப்போது மாடி கம்பெனியாகிறது.

அதே ஐ.எஸ். 875, இயந்திரங்கள் உள்ள தொழிற்கூடம் என்றால், அதிலும் இலகுவான வகைக்கே, சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன் எடுக்கச் சொல்கிறது. அதாவது சுமார் 500 கிலோ. வீட்டுக்கு எடுத்ததைப் போல இரண்டரை மடங்கு. மறுபடி கணக்கு: 900 × 3 = 2700, பீமின் எடை 200, ஆக மீட்டருக்கு 2.9 டன். மொத்தம் 14.5 டன். வளைப்பு 9.06.

ஒன்றரையால் பெருக்கினால் 13.6. தாங்குதிறன் 9.8. பெயில்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையான பாரம் முழுசாக ஏறினால் வருவது 9.06தான், 9.8 அல்ல. அதனால் பீம் விழாது. விழாது என்பதுதான் இங்கே பிரச்சினையே. முன்பு நூறு ரூபாய்ச் செலவுக்கு நூற்றைம்பத்தேழு ரூபாய் கையில் இருந்தது, இப்போது நூற்றெட்டு ரூபாய் இருக்கிறது. குடும்பம் ஓடும். எதிர்பாராத செலவு ஒன்று வருகிறவரை ஓடும். "பத்து வருசமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் காட்டுவது தாங்குதிறனை அல்ல, கரைந்துகொண்டிருக்கும் கையிருப்பை.

அந்தக் கையிருப்பை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கொத்தனார் கலவையில் ஒரு வாளி தண்ணீர் அதிகம் விட்டிருக்கலாம். கம்பி கட்டும்போது ஒரு அங்குலம் மேலே ஏறியிருக்கலாம். இருபது மழைக்காலம் பார்த்த மொட்டை மாடியில் தண்ணீர் கசிந்து கம்பி துருப்பிடித்திருக்கலாம். இதையெல்லாம் தாங்கத்தான் அந்த மிச்சம். அதை வாடகைக்கு விட்டால், தவறு நடக்க இடமே இல்லாமல் போகிறது.

சரி, தையல் மெஷின் அவ்வளவு கனமா? இல்லை. ஒரு சிங்கரோ ஓவர்லாக்கோ ஒரு ஆள் எடைக்குப் பக்கத்தில்தான் வரும். துணி நெய்யும் வட்ட நிட்டிங் மெஷின்தான் டன் கணக்கில் கனக்கும், அதனால் அதைப் பெரும்பாலும் தரைத்தளத்தில் வைத்துவிடுகிறார்கள். மாடியில் கவலைப்பட வேண்டியது அந்த "துணிதானுங்களே" சமாச்சாரத்தைப் பற்றி.

ஒரு ரோல் துணி சுமார் 20 கிலோ, ஒரு மீட்டர் நீளம், கால் மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் நான்கு ரோல் படுக்கும். ஒரு அடுக்குக்கு 80 கிலோ. இரண்டு அடுக்கு 160. மூன்றாவது அடுக்கு வைத்தால் 240. வீட்டுக் கணக்கில் அனுமதித்த 200 தாண்டிவிட்டது, உயரமோ இன்னும் முட்டிக்குக் கொஞ்சம் மேலேதான். ஆறு அடுக்கு என்றால் 480, தொழிற்கூடக் கணக்கும் கிட்டத்தட்ட நிறைந்தது. ஆள் உயரத்தைத் தாண்டி ஒன்பது அடுக்கு ஏற்றினால் 720.

சரக்கு அடுக்கி வைக்கும் அறைகளுக்கு ஐ.எஸ். 875 குறைந்தபட்சமே 7.5 கிலோ நியூட்டன் என்று வைத்திருக்கிறது, அதாவது சுமார் 750 கிலோ. அறை முழுக்க அந்தப் பாரம் வந்தால் நம் பீமில் வளைப்பு 11.4 டன்-மீட்டர். தாங்குதிறனையே தாண்டிவிட்டது. ஒன்றரை மடங்கு மிச்சம் என்ற பேச்சே இல்லை.

மயிலிறகானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அது அரசனுக்குச் சொன்னது என்று விளக்கம் எழுதியதோடு சரி. திருப்பூர் மாடிகளில் மயிலிறகுக்குப் பதில் சிங்கிள் ஜெர்சி!

கணக்கைக் காட்டினால் வீட்டுக்காரர் பெரும்பாலும் ஒரு யோசனை சொல்வார்: "அப்ப நடுவுல ஒரு முட்டுக் கொடுத்துட்டா?" இரண்டு வரிசைச் செங்கல்லில் ஒரு தூண் எழுப்பினால் ஆயிற்று, பீம் பாதி நீளம் ஆகிவிடுமே என்று.

இந்த இடத்தில் கலிலியோ வருகிறார். 1638ல் வெளிவந்த 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு பெரிய பளிங்குத் தூணை இரண்டு கட்டைகள் மேல் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒடிந்துவிடுமோ என்று பயந்து ஒருவர் மூன்றாவதாக ஒரு கட்டையை நடுவில் சொருகச் சொன்னார். எல்லோரும் ஆமோதித்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் புதுக் கட்டைக்கு நேர் மேலேயே தூண் பிளந்து கிடந்தது. முனையில் இருந்த பழைய கட்டை ஒன்று உளுத்து இறங்கிவிட, நடுக்கட்டை அப்படியே உறுதியாக நின்றதுதான் காரணம்.

மாடி பீமிலும் இதே ஆபத்து இருக்கிறது. நடுவில் முட்டுக் கொடுத்தால் அந்த இடத்தில் பீம் எதிர்ப்பக்கமாக வளையப் பார்க்கும். மேல்பக்கம் இழுபடும். இழுபடும் இடத்தில் கம்பி வேண்டும், ஆனால் கட்டும்போது கனமான கம்பி எல்லாம் கீழ்ப்பக்கத்தில்தான் போயிற்று, மேலே கூடு கட்டுவதற்கென்று மெலிசான இரண்டு கம்பி இருந்தால் அதிகம். தவிர அந்த முட்டு எதன்மேல் நிற்கிறது? வெறும் தரைமேல். அடியில் அஸ்திவாரம் கிடையாது. முறையாகக் கணக்குப் போட்டுக் கொடுத்த முட்டு உயிரைக் காப்பாற்றும். குத்துமதிப்பாகக் கொடுத்த முட்டு கலிலியோவின் கட்டை.

கலிலியோவும் முழுக்கச் சரியாகச் சொல்லிவிடவில்லை. ஒரு முனையில் சுவரில் பதித்த பீமுக்கு அவர் போட்ட கணக்கு உண்மையைவிட மூன்று மடங்கு தாங்குதிறனைக் காட்டியது. மேலே நசுங்கல், கீழே இழுவை, நடுவே இரண்டும் இல்லாத மட்டம் என்ற தெளிவு முழுசாக நிலைபெற, 1826ல் நேவியேயின் பாடநூல் வரும்வரை ஆயிற்று. மாபெரும் மூளைக்கே பிடிபடக் கஷ்டப்பட்ட விஷயத்தை, அட்வான்ஸ் வாங்குகிற அவசரத்தில் கண் மதிப்பில் முடித்துவிடுகிறோம்.

"ஆயிரம் சொல்லுங்க, இங்க எங்கயும் விழல" என்பவர்களுக்கு இதே தொழில் நடக்கும் வேறொரு ஊரைக் காட்ட வேண்டியிருக்கிறது.

வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவார். அங்கே 2005 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் ஸ்வெட்டர் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 64 பேர் இறந்தார்கள். எட்டு வருடம் கழித்து அதே சாவாரில் ராணா பிளாசா. எட்டு மாடி. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று திட்டமிட்ட கட்டடம். அதில் ஆடைத் தொழிற்சாலைகள் ஏறின. அனுமதியில்லாமல் மேல் மாடிகள் ஏறின. மாடியில் பெரிய ஜெனரேட்டர்கள் ஏறின.

2013 ஏப்ரல் 23ஆம் தேதி கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. ஆட்களை வெளியேற்றினார்கள். மறுநாள் கீழே இருந்த கடைகளும் வங்கிக் கிளையும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். காலையில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்பது மணிக்கு முன்பே கட்டடம் தரைமட்டம். இறந்தவர்கள் 1,134 பேர்.

அங்கே தவறு ஒன்றல்ல, பல. அடியில் மண், தரமில்லாத கட்டுமானம், கூடுதல் மாடி எல்லாம் சேர்ந்தது. ஆனால் தொடக்கத்தில் இருப்பது அதே கேள்விதான்: கடைக்கென்று போட்ட கணக்கின் மேல் கம்பெனியை ஏற்றலாமா? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டவர் சொல் எடுபடவில்லை. கட்டடம் ஒரு நாள் முன்னதாகவே விரிசல் விட்டுச் சொன்னது. வங்கிக்காரர்களுக்கு அது கேட்டது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும், ஆனால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் உள்ளே போனார்கள்.

பீம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். முறையாகக் கம்பி வைத்த பீம் ஒரேயடியாக ஒடிவதில்லை, முதலில் கம்பி நீளும், கீழ்ப்பக்கம் நடுவில் விரிசல் விடும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொய்யும். 5 மீட்டர் பீமுக்கு ஐ.எஸ். 456 அனுமதிக்கும் மொத்தத் தொய்வு, நீளத்தில் 250ல் ஒரு பங்கு, அதாவது 20 மி.மீ. சுவருக்கு அருகே சாய்வாக ஓடும் விரிசல் இன்னும் மோசம். அது வெட்டு விசையால் வருவது, அதிகம் அவகாசம் கொடுக்காது. கதவு திடீரென்று மாட்டுகிறதா, பீமின் அடியில் பூச்சு உதிர்ந்து துருக்கறை தெரிகிறதா, பழைய விரிசலின் மேல் பூசிய சிமெண்ட் மறுபடி பிளக்கிறதா என்று பார்க்க இன்ஜினியர் வேண்டாம். கீழே சமைக்கிற அம்மாவே பார்த்துவிடலாம். அதற்கப்புறம் மேலே ஓடும் மெஷினை நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு 2013 மே மாதம் வெளிநாட்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் அக்கார்டு என்ற ஒப்பந்தம் போட்டன. இன்ஜினியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளை ஆய்வு செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு மாடியிலும் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று படம் போட்டு மாட்டு, அதைக் கவனிக்க ஒரு ஆளை வை.

நம் ஊரில் எந்த லிப்டில் ஏறினாலும் ஒரு போர்டு இருக்கும். 8 பேர், 544 கிலோ. ஒன்பதாவது ஆள் கால் வைத்தால் எட்டுப் பேரும் அவரை முறைப்பார்கள். லிப்டுக்கு அத்தனை மரியாதை. அந்த லிப்டில் ஏறி இறங்குகிற நேரம் அரை நிமிடம். ஒன்றரை ஷிப்ட் முழுக்க நிற்கிற தளத்துக்கு போர்டு கிடையாது.

அந்த போர்டு மாட்ட என்ன செலவாகும்? வீட்டு பிளான் இருந்தால் அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டலாம். பிளான் இல்லாவிட்டால் கம்பியை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. எண் கிடைத்ததும் சுவரில் எழுதலாம்: ரோல் இத்தனை அடுக்குக்கு மேல் வேண்டாம், நடு ஹாலில் குவிக்க வேண்டாம், சுவரோரம் பரப்பி வை. அதிக சரக்கைத் தரைத்தளத்துக்கு இறக்கு. பேப்பரில் இரண்டு பக்கம் வராத கணக்கு இது, இரண்டாம் வருடம் படிக்கிற பையனோ பெண்ணோ முதல் மதிப்பீட்டைப் போட்டுவிடலாம். கையெழுத்துக்குத்தான் பெரியவர்கள் வேண்டும்.

அடுத்த தடவை யாராவது "துணிதானுங்களே" என்று சிரித்தால், பதிலுக்குச் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"எத்தனை அடுக்குங்க?"